‘ஒருமுறை மட்டும்’ என்று போட்ட கருவியைக் கழுவி மறுபடி எடுக்கலாமா?

ஸ்டோர்_கோமதி (கே.கே. நகர், மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஐம்பது படுக்கைக்குச் சற்று மேலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. பஞ்சிலிருந்து லேப்பரோஸ்கோப்பிச் சாமான் வரை இண்டென்ட் போடுவது, கம்பெனிப் பிரதிநிதிகளிடம் விலை பேசுவது, மாதக் கடைசியில் கணக்கை முதலாளி டாக்டரின் மேஜையில் வைத்துத் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான்.

பிரச்சினை ஹார்மோனிக் கைப்பிடியில் தொடங்கியது. கைப்பிடியும் நீண்ட தண்டும் முனையில் பிளேடும் ஒன்றாக வரும் கருவி அது; மீயொலி அதிர்வில் திசுவை வெட்டிக்கொண்டே இரத்தக் குழாயையும் அடைத்துவிடும். பித்தப்பை, கர்ப்பப்பை அறுவைகளுக்கு எங்கள் சர்ஜன் தவறாமல் கேட்கிறார். ஒன்றின் விலை எங்கள் தியேட்டர் உதவியாளரின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும். டப்பாவின் மேல் 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பார்கள். இரண்டாம் முறை கூடாது என்று அர்த்தம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் நோயாளிக்கோ அறுவைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் தொகைதான். அதற்குள் புதுக் கைப்பிடி ஒன்றைப் பிரித்தால் மருத்துவமனைக்கு ஒன்றும் மிஞ்சாது.

போன வாரக் கூட்டத்தில் முதலாளி டாக்டர், “ஊரெல்லாம் இ.டி.ஓ. வாயுவில் கிருமி நீக்கி மறுபடி எடுக்கிறார்கள். நாம் மட்டும் என்ன அரிச்சந்திரன் பேரனா? கோமதி, இனி ஒரு கைப்பிடியை ஐந்து அறுவைக்கு என்று கணக்கு வையுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தியேட்டர் சிஸ்டர் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. பிறகு ஸ்டோர் வாசலில் வந்து நின்று, “ரிஜிஸ்டரில் என் பெயரைப் போடாதீர்கள் அக்கா” என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்னொரு பக்கம் குப்பை. காலையில் வண்டி வரும்போது பார்கோடு ஒட்டிய சிவப்புப் பைகளை எடை போட்டுக் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். கருவிகளை உள்ளே விடுவதற்காக ஒரு மணி நேரம் வயிற்றில் குத்தியிருந்த பிளாஸ்டிக் ட்ரோகார் குழல், கீறல்கூட இல்லாமல் பளபளவென்று பைக்குள் கிடக்கும். ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அடுக்கும் வீட்டில் பிறந்தவள் நான். அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆகவே டாக்டர் சொல்வது முழுக்க அநியாயம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். எதைக் கழுவி எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது? மற்ற நாடுகளில் இதை முறையாகச் செய்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அங்கே என்ன நடக்கிறது? அப்படிச் செய்தால் நோயாளியின் பில்லில் என்ன விலை போடுவது? மூன்றாவது கேள்வியைக் கூட்டத்தில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

---

மேலமாசி_வீதி:

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது அக்கா. முதலாளி டாக்டரின் சொந்த மகளுக்கு அறுவை என்றால் எந்தக் கைப்பிடியைப் பிரிப்பார்? அதைக் கேளுங்கள், கூட்டம் அத்தோடு முடிந்துவிடும். 2009-ல் குஜராத் மொடாசாவில் ஊசியை மறுபடி மறுபடி போட்டு ஹெபடைட்டிஸ் பி பரவி எத்தனை உயிர் போனது என்பதை எல்லாப் பேப்பரிலும் படித்தோம். காப்பீட்டு அட்டையோடு வருபவன்தான் எப்போதும் பரிசோதனை எலி. வேலையே போனாலும் இதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

நீராவி (திருநகர்):

தங்கை கோமதிக்கு வணக்கம். ஆயுள் பூராவும் சி.எஸ்.எஸ்.டி.யில், நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோக்ளேவ் பக்கத்தில் வெந்து ஓய்வு பெற்றவன் நான். தியேட்டரிலிருந்து வரும் அழுக்குச் சாமான் ஒரு கதவு வழியாக உள்ளே போய், சுத்தமான பெட்டியாக மறு கதவு வழியாக வெளியே வரும் இடம் அது. டாக்டர்களுக்கு இரண்டாவது கதவு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலமாசி வீதித் தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் மொடாசா வேறு கதை. அங்கே கழுவவும் இல்லை, வேகவைக்கவும் இல்லை. ஒருவர் இரத்தம் பட்ட ஊசியை இன்னொருவர் உடம்பில் ஏற்றினார்கள். அது குற்றம். இங்கே பேசுவது, முறையாகச் சுத்தம் செய்தால் போதுமா என்பதை. இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. கருவிக்குக் கருவி மாறும்.

“இ.டி.ஓ. போட்டுவிட்டோம்” என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, “அதற்கு முன்னால் எப்படிக் கழுவினீர்கள்?” கழுவாததை எந்த இயந்திரத்தாலும் ஸ்டெரிலைஸ் செய்ய முடியாது. காய்ந்த இரத்தமும் சளியும் கிருமிக்குப் போர்வை. வாயுவோ நீராவியோ அந்தப் போர்வையைத் தாண்டி உள்ளே போவதில்லை. கிருமி செத்தாலும் அதன் உடலிலிருந்து வரும் நச்சு, எண்டோடாக்சின் என்பார்கள், ஆட்டோக்ளேவில் போகாது. அதைத் தண்ணீரில்தான் கழுவி வெளியேற்ற வேண்டும்.

அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது? நம் ஊர் போர் தண்ணீரில் கத்திரிக்கோலை அலசிக் காயவையுங்கள், மூட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். தேய்த்தாலும் போகாது. பெரிய இடங்களில் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருப்பார்கள். சின்ன மருத்துவமனைகளில் தியேட்டர் சிங்க்கில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தான் வரும். உங்கள் இடத்தில் எது என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.

இப்போது உங்கள் பளபள ட்ரோகாருக்கு வருகிறேன். வெளியே பளபளப்புதான். உள்ளே வாயு வெளியேறாமல் தடுக்க ரப்பர் வால்வு இருக்கிறது. அந்த மூடியைத் திறக்க முடியாதபடி ஒட்டித்தான் விற்கிறார்கள். எங்கள் பயிற்சியில் ஒருமுறை ‘கழுவிய’ ட்ரோகாரின் தலையை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார்கள். ரப்பர் மடலின் அடியில் பழுப்பு வளையம். புளிச் சாறு காய்ந்த நிறத்தில், விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அதைக் கழுவிய பெண் நல்ல வேலைக்காரி. பிரஷ் அந்த இடத்துக்குப் போகவே வழியில்லாதபோது அவர் என்ன செய்வார்?

ஹார்மோனிக் இன்னும் மோசம். உள்ளே ஓடும் டைட்டானியக் கம்பியை அங்கங்கே சிலிக்கோன் வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இரத்தம் முனையிலிருந்து கசிந்து உள்ளே ஏறினால் வெளியே எடுக்க முடியாது. முனையில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு அறுவையிலும் அது கருகித் தேயும். தேய்ந்துபோனால் உலோகத்தில் உலோகம் உரசும், பிளேடு விரிசல் விடும். ஐந்து அறுவை என்று உங்கள் டாக்டர் சொன்னாரே, அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? யார் சோதித்துச் சொன்ன எண்? கணக்குக்கு வசதியாக ஒரு கையில் விரல் எண்ணியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கழுவி முடித்த கருவியின் முனையிலும் துளையிலும் ஊசியால் செலுத்துங்கள். உள்ளே இரத்தம் மிச்சமிருந்தால் நுரை பொங்கும். பொங்கவில்லை என்றால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பொங்கினால் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

இ.டி.ஓ. பற்றியும் ஒரு வார்த்தை. எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் தரக்கூடிய வாயு. பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பி.வி.சி. குழாய் அதிகமாகவே உறிஞ்சும். சூடான காற்று ஓட்டும் அறையில் ஐம்பது டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் வெளியேறும். சாதாரண அறையில் வைத்தால் ஏழு நாள் பிடிக்கும். இரவு பெட்டியில் வைத்துக் காலையில் தியேட்டருக்கு எடுத்துப்போகும் இடங்கள் இருக்கின்றன. அந்தக் குழாய் பட்ட இடம் நோயாளிக்குப் புண்ணாகும். ஏற்றி இறக்கும் உதவியாளர் அதைத் தினமும் சுவாசிக்கிறார், அவரைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசமாட்டார்கள்.

ஆனால் ‘பலமுறை’ என்று எழுதியிருப்பதாலேயே ஒரு கருவி பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2015-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், பித்தநாளத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோப் வழியாக எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத கிருமி பரவியது. அது பலமுறை எடுக்கவென்றே செய்த கருவிதான். சுத்தமும் புத்தகத்தில் சொன்னபடிதான் செய்தார்கள். நுனியில் இருந்த சின்ன நெம்பின் சந்து போதுமானதாகிவிட்டது. சந்தும் பொந்தும் இருக்கிறதா, கண்ணும் பிரஷ்ஷும் அங்கே போகுமா என்பதுதான் என் முதல் கேள்வி. லேபிளை அப்புறம்தான் பார்ப்பேன்.

சரி, எதைத்தான் எடுக்கலாம்? ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் வகுத்த பிரிவு எல்லா ஊர் சி.எஸ்.எஸ்.டி.யிலும் பாடம். கிழியாத தோலை மட்டும் தொடுவது, வாய் தொண்டை போன்ற ஈரச் சவ்வைத் தொடுவது, உடம்புக்குள் அல்லது இரத்தத்துக்குள் போவது என்று மூன்று படி. முதல் படியில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் சென்சார், பி.பி. பட்டை, காலில் இரத்தம் கட்டாமல் அமுக்கிவிடும் உறை எல்லாம் வரும். இவற்றைத் துடைத்து, சோதித்து எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. சென்சாரின் ஒட்டும் பட்டை போய்விட்டால் மட்டும் அளவு தப்பாகக் காட்டும், கவனம். இரண்டு, மூன்றாம் படியில் ஒருமுறைச் சாமானை நம்மைப் போன்ற சிறிய இடம் தொடக்கூடாது என்பது என் முடிவு.

அதனால் கழுவுவதை விட்டுவிட்டு வாங்குவதை மாற்றுங்கள். பிரித்துக் கழுவி 134 டிகிரி நீராவியில் வைக்கக்கூடிய உலோக ட்ரோகார் கிடைக்கிறது. வாங்கும்போது விலை கண்ணைக் கட்டும், பிறகு ரப்பர் வால்வை மட்டும் மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும். மயக்க மருந்துக்குத் தொண்டையில் வைக்கும் எல்.எம்.ஏ. என்ற மூச்சுக் குழாய் சிலிக்கோனில் 40 முறை எடுக்கவென்றே வருகிறது. மூச்சுக் கொடுக்கக் கையால் அமுக்கும் அம்பு பேக்கும் அப்படித்தான். பேப்பர் கவுனுக்குப் பதில் நல்ல நெசவுத் துணி கவுன், நோயாளியை மூடும் டிரேப் விரிப்பு. இவற்றில் தயாரிப்பாளரே எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை முறை என்று எழுதிக் கொடுக்கிறார். உங்கள் சிஸ்டருக்குப் பயமில்லாமல் கையெழுத்துப் போட ஒரு காகிதம் இருக்கும்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கண்புரை அறுவைக்கு எவ்வளவு கழிவு என்று அளந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு அறுவைக்கு 250 கிராம். கார்பன் கணக்கில் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் சுமார் 5 சதவீதம். எஃகுக் கருவி, விரைவான ஸ்டெரிலைசேஷன், பல நோயாளிக்குப் பொதுவாக எடுக்கக்கூடியதைப் பொதுவாகவே எடுப்பது என்று திட்டமிட்டே செய்கிறார்கள். தொற்று ஏறிவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு லட்சம் கண்களுக்கு மேல் பார்த்த அவர்களுடைய கணக்கில் பத்தாயிரத்துக்கு ஏழு என்று இருந்தது, அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் போடத் தொடங்கிய பிறகு இரண்டாக இறங்கியது. இறங்கியது மருந்தால், சிக்கனத்தால் இல்லை. ஆனால் சிக்கனம் அதைக் கெடுக்கவும் இல்லை. அங்கே ஒவ்வொரு தொற்றையும் எழுதி வைக்கிறார்கள், அது முக்கியம். உங்கள் மருத்துவமனையில் போன வருடம் எத்தனை பேருக்கு அறுவைப் புண் சீழ் வைத்தது என்று யாரிடமாவது எண் இருக்கிறதா? அது இல்லாமல், “இத்தனை நாள் எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

---

செல்லூர்_மகன்:

நீராவி ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் என் அனுபவத்தையும் வைக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். மறுபயன்பாடு நம் நாட்டில் வெளிப்படையாக நடக்கும் இடம் இதுதான். இரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் என்ற அந்தக் கண்ணாடிக் குழலைப் போன்ற சாமானை அதே நோயாளிக்கே திரும்பப் பொருத்துவார்கள். அப்பாவின் பெயரும் எண்ணும் எழுதிய லேபிள், எத்தனையாவது முறை என்ற குறிப்பு. ஒவ்வொரு முறையும் கழுவி அதன் உள்கொள்ளளவை அளப்பார்கள். புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பெரசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்திருப்பதால் மூடியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறும். பொருத்துவதற்கு முன் அலசி, அமிலம் மிச்சமில்லை என்று ஒரு பட்டைச் சீட்டில் நனைத்துப் பார்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களின் டயாலைசரை மறுபடி எடுப்பதில்லை.

அங்கே இருந்த டெக்னீசியன் தம்பி தங்கம். சீட்டின் நிறத்தை என் அப்பாவுக்கே காட்டி, “பாருங்கள் ஐயா, சரியாக இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி ஏற்றுவார். அந்த முறையில் எனக்கு ஒரு பயமும் வரவில்லை.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் வந்தது. கொஞ்ச காலம் காப்பீட்டில் இடைவெளி விழுந்து கையிலிருந்து கட்டினோம். பில்லை வீட்டில் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் ‘டயாலைசர் – புதியது’ என்று முழு விலை. லேபிளில் எண் ஏறிக்கொண்டே போகிறது, பில்லில் ஒவ்வொரு நாளும் புதுச்சரக்கு. கேட்டபோது கவுன்டரில் இருந்தவர், “சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுக்கும்” என்றார். கோமதி அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாதது எனக்கு வியப்பாக இல்லை. மறுபடி எடுத்ததை மறுபடி எடுத்தது என்று பில்லில் எழுதத் துணியாத இடத்தில் அதைச் செய்யவே கூடாது. மிச்சமான பணத்தில் நோயாளிக்கு ஒரு பங்கு வர வேண்டும். மருத்துவமனைக்கும் கழுவுகிற கூலி, வேதிப்பொருள் செலவு எல்லாம் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை.

---

வைகைமுதல்_ரைன்வரை:

பூர்வீகம் சோழவந்தான், வேலை ஜெர்மனியில் மருத்துவக் கருவித் துறை. வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி நீண்ட காலமாக அனுமதிக்கிறது, பிரான்ஸ் நெடுங்காலம் தடை போட்டிருந்தது. 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சட்டத்தின் 17-வது பிரிவு, உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால்தான் செய்யலாம் என்கிறது. அப்படிச் செய்பவர் தயாரிப்பாளருக்கு உள்ள பொறுப்பையெல்லாம் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனை தனக்காகச் செய்துகொள்வதற்குச் சில விலக்குகள் உண்டு, அதிலும் பாதுகாப்பும் செயல்திறனும் மூலக் கருவிக்குச் சமம் என்று காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவில் 2000-ல், மருந்தையும் மருத்துவக் கருவியையும் மேற்பார்வையிடும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2002-ல் வந்த சட்டப்படி, மறுசுத்திகரிப்பு செய்தவரின் பெயரை லேபிளில் போட வேண்டும், பல கருவிகளுக்குச் சோதனைத் தரவும் கொடுக்க வேண்டும். அங்கே இதைப் பெரும்பாலும் தனி நிறுவனங்கள்தான் செய்கின்றன. மருத்துவமனை பயன்படுத்திய கருவியைப் பெட்டியில் போட்டு அனுப்பும். அவர்கள் பிரித்து, கழுவி, செயல்படுகிறதா என்று பார்த்து, அந்த ஒற்றைக் கருவியின் எண்ணில் எத்தனையாவது சுற்று என்று பதிந்து திருப்பி விற்பார்கள். அனுமதித்த சுற்று முடிந்தால் அழித்துவிடுவார்கள். 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், இப்படி மறுசுத்திகரித்த கருவிகளால் ஆபத்து கூடியதாகச் சான்று கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. இதய மின்னோட்டம் பார்க்கும் கதீட்டர் குழாய்களைப் பற்றி ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகத்தார் 2021-ல் வெளியிட்ட கணக்கில், புதிதாகச் செய்வதைவிட மறுசுத்திகரிப்பில் புவி வெப்பத் தாக்கம் பாதியாகக் குறைந்தது.

உங்கள் டாக்டர் இதைப் படித்தால், “பார்த்தாயா, அமெரிக்காவே செய்கிறது” என்று குதிப்பார். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த அறிக்கை பேசுவது ஒவ்வொரு கருவியையும் எண் போட்டுத் தொடர்கிற தொழிற்சாலைகளைப் பற்றி. தியேட்டர் சிங்க்கில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தயாரிப்பாளர்களும் புனிதர்கள் இல்லை. கருவியில் சிப் வைத்து இரண்டாம் முறை வேலை செய்யவிடாமல் தடுப்பது எல்லாம் நோயாளி மேல் உள்ள அக்கறையால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். இதே துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதற்கு மேல் எழுதுவது நன்றாக இருக்காது.

---

ஸ்டோர்_கோமதி:

எல்லோருக்கும் நன்றி. மேலமாசி வீதித் தம்பி, மகள் கேள்வியை நான் கேட்கவில்லை. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது.

நீராவி அண்ணன் சொன்ன பெராக்சைடைத்தான் கையில் எடுத்தேன். ஏற்கனவே இரண்டு மூன்று கைப்பிடிகளைக் கழுவி இ.டி.ஓ. பாக்கெட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்து, தியேட்டர் சிஸ்டரும் நானும் கிட்னி டிரேயில் வைத்து முனையில் ஊசியால் செலுத்தினோம். முதலில் ஒன்றும் இல்லை. சிஸ்டர் முனையைக் கீழே சாய்த்துப் பிடித்தார். உள்ளிருந்து வெள்ளை நுரை பொடிப்பொடியாக வந்து, நுனியில் சேர்ந்து, லேசாகச் செம்மண் நிறமாகச் சொட்டியது. அந்த டிரேயை அப்படியே ஓ.பி.க்கு எடுத்துப்போய் முதலாளி டாக்டரின் மேஜையில் வைத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இதைத் தூக்கிப் போடச் சொல்லு” என்றார்.

அதற்குப் பிறகுதான் உபயோகமான பேச்சு நடந்தது. சர்ஜனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பித்தப்பைக்கு ஹார்மோனிக் கட்டாயம் இல்லை, ஹுக் வைத்து மின்சாரத்தில் பிரித்துக் கிளிப் போட்டே பெரும்பாலும் முடித்துவிடலாம் என்று அவரே சொன்னார். “இருந்ததால் கேட்டேன்” என்றார்! இத்தனை மாதமும் இந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை. இனி கர்ப்பப்பைக்கும், ஒட்டிப்போன சிக்கலான வயிற்றுக்கும் மட்டும் புதியது. உலோக ட்ரோகாருக்கு மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். விரல் சென்சாரையும் கால் உறையையும் மறுபடி எடுப்பதாக வைத்தால், ரிஜிஸ்டரை எப்படிப் போடுவது? அடுத்தது, குப்பைக்கு நாங்கள் படுக்கைக் கணக்கில்தான் மாதக் கட்டணம் கட்டுகிறோம். சிவப்புப் பை குறைந்தாலும் பில் குறையாது போலிருக்கிறதே?

---

நீராவி (திருநகர்):

ரிஜிஸ்டரைப் பெரிதாக்காதீர்கள், பெரிதாக்கினால் ஒரு வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். சாமான் ஒவ்வொன்றுக்கும் அழியாத மையில் ஒரு எண். ரிஜிஸ்டரில் அந்த எண், எந்த வார்டு, துடைத்தவர் பெயர், சோதித்தவர் பெயர். துடைத்தவரே சோதித்ததாக எழுதக்கூடாது. சென்சாரைத் தன் விரலில் மாட்டிப் பார்த்து இன்னொரு நல்ல சென்சாரோடு அளவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கால் உறையை ஊதிப் பிடித்துக் காற்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தையலுக்குள் இரத்தமோ சீழோ ஊறியிருந்தால் யோசிக்காமல் பையில் போடுங்கள். தொற்று நோயாளிக்குப் போட்டதும் திரும்பி வரக்கூடாது. இவையும் டப்பாவில் ஒருமுறை என்று அச்சடித்தவையாக இருந்தால், முதலாளி டாக்டர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கொள்கை எழுதி வையுங்கள். மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்குப் போனாலும் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள். சிஸ்டரின் பெயர் ரிஜிஸ்டரில் வருவதற்கு முன்னால் டாக்டரின் பெயர் கொள்கையில் வந்திருக்க வேண்டும். பில்லைப் பற்றிச் செல்லூர்த் தம்பி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்திலேயே விலையையும் எழுதிவிடுங்கள்.

குப்பை பில்லைப் பற்றி நீங்கள் நினைப்பது சரி. படுக்கைக் கணக்காக இருக்கும்வரை பை குறைந்தாலும் பணம் குறையாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எடைக் கணக்கு கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் அதற்கு முன் உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கையுறை போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். மருத்துவமனைக் கழிவில் 85 சதவீதம் சாதாரணக் குப்பை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டிரேப் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை, அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் தியேட்டரில் கை எட்டும் பையில் விழுந்துவிடும். நோயாளி உள்ளே வருவதற்கு முன்னால் பிரித்த உறைகளுக்கு என்று தனி வாளி வையுங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி அது சாதாரண மறுசுழற்சிக்கே போகலாம். சிவப்புப் பைக் குழாய்களையும் கையுறைகளையும் மட்டும் வெட்டிப் போடுகிறார்களா என்று பாருங்கள். முழுசாகப் போனால் யாராவது எடுத்துக் கழுவி விற்க வழி இருக்கிறது, அதைத் தடுக்கவே வெட்டச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு அறுவைக்கும் என்னென்ன மேஜையில் பிரித்து வைக்க வேண்டும் என்று தியேட்டரில் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார்கள். எப்போதோ எழுதியதாக இருக்கும். சர்ஜனை உட்கார வைத்து, எதைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தால் போதும் என்று இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். தையல் நூல், மெஷ், ஸ்டேப்ளர் எல்லாம் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும். பிரித்து எடுக்காமல் போனவற்றைத் தியேட்டர் சிஸ்டர் ஒரு மாதம் தனிப் பெட்டியில் போட்டு வைக்கட்டும், மாதக் கடைசியில் நீங்கள் விலை போட்டுக் கூட்டுங்கள். உலோக ட்ரோகார் வாங்கும்போது மாற்று வால்வு தனியாகக் கிடைக்கிறதா, மதுரையிலேயே சரக்கு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள்.